மீனின் கண்டமும் குழலின் வழும்பும்

மீன்தொட்டியில் ஒரு மீன் செத்து மிதந்தால் நம் வீடுகளில் ஓர் ஆறுதல் தயாராக இருக்கிறது. வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை அந்த மீன் வாங்கிக்கொண்டது, திருஷ்டி கழிந்தது. வாஸ்து மீன் என்ற பெயரில் அரோவானாவும் ஃபிளவர்ஹார்னும் கடைகளுக்கு வந்த பிறகு இந்த ஆறுதலுக்கு ஒரு விலைப்பட்டியலும் சேர்ந்துகொண்டது. செத்த மீனைத் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, அடுத்த வாரம் இன்னொன்று வாங்கி வருகிறோம். சில வாரங்களில் அதுவும் மிதக்கிறது. ஒரே வீட்டுக்கு எத்தனை கண்டங்கள்தாம் வரிசையில் நிற்கின்றன என்று யாரும் கேட்பதில்லை.

நாம் கேட்க விரும்புகிறோம். அந்த மீன்களுள் பல, யாருடைய கண்டத்தையும் வாங்கிக்கொண்டு சாகவில்லை என்பதே நம் கருத்து. அவை தம் கழிவாலேயே நஞ்சூட்டப்பட்டுச் செத்தன. அக்கழிவை வடிகட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய, கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குழல் உள்ளுக்குள் தூர்ந்து கிடந்தது. அல்லது, அதைக் கழுவுகிறோம் என்று புறப்பட்டவர்கள், கழுவக் கூடாததையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள்.

இலக்கியம் பேசும் இடத்தில் மீன்தொட்டிக் குழாய்க்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். தூர், வழும்பு, மதகு, மராமத்து என்று சொற்களைச் சேர்த்து வைத்திருக்கும் மொழிக்கு இது அந்நியமான பொருள் அன்று. தவிர, மயிலம் போன்ற சிற்றூர்களிலும் இன்று கூடத்தில் மீன்தொட்டி இருப்பது அதிசயமில்லை. அதன் விளக்கைப் பற்றியும் அதனுள் குமிழி விடும் பிளாஸ்டிக் பொம்மையைப் பற்றியும் பேசுவோர் உண்டு. அதன் குழலைப் பற்றிப் பேசுவோரைக் காண்பது அரிது.

1

முதலில், அந்தக் குழல் எதைச் சுமக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகும் இலையும் அதே அமோனியாவைத் தருகின்றன. ஆற்றிலும் ஏரியிலும் அது கரைந்து பரவிவிடும். நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை. தொட்டியைக் காப்பாற்றுவது வடிகட்டியில் இருக்கும் பஞ்சோ பீங்கான் வளையமோ அல்ல. அவற்றின்மேல் குடியேறிய நுண்ணுயிர்கள். ஒரு வகை அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றுகிறது. இந்த இரண்டு படிகளை ரஷ்ய அறிஞர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விளக்கினார். பிறகு நூறாண்டுக் காலம், இரண்டாம் படியைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே மீன் வளர்ப்பு நூல்கள் எழுதிவந்தன. நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரிதும் செய்வது நைட்ரோஸ்பைரா என்னும் வேறோர் இனம் என்று 1998-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

இதில் நம் வட்டாரத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் உள்ள அமோனியா முழுதும் நஞ்சல்ல. அதில் ஒரு பங்கே கொல்லும் வடிவில் இருக்கும். அந்தப் பங்கு, நீரின் காரத்தன்மையும் வெப்பமும் ஏற ஏறக் கூடும். அமில காரக் குறியீடு 7, வெப்பம் 25 பாகை என்றால் கொல்லும் பங்கு ஏறத்தாழ 0.6 சதவீதம். குறியீடு 8, வெப்பம் 30 பாகை என்றால் அது ஏறத்தாழ 7.5 சதவீதம். அதே தொட்டி, அதே மீன், அதே தீனி. நஞ்சு மட்டும் 13 மடங்கு. திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டுவதற்குச் சிரமப்பட வேண்டியதில்லை. வெப்பம் ஏறினால் நீரில் கரையும் உயிர்வளியும் குறைகிறது: 25 பாகையில் லிட்டருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம், 32 பாகையில் ஏறத்தாழ 7.3. குளிர்நாட்டுக் கையேட்டில் எழுதப்பட்ட அலட்சியத்தின் அளவு நமக்குச் செல்லாது. அங்கே பொறுத்துப் போகும் பிழை இங்கே கொல்லும்.

2

இனி, குழல்.

வெளியில் வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டிக்கு இரண்டு குழல்கள் உண்டு. ஒன்று தொட்டியிலிருந்து அழுக்கு நீரை இறக்குகிறது. மற்றொன்று வடிந்த நீரை ஏற்றுகிறது. சிறு தொட்டிகளில் காற்றுப் பம்பிலிருந்து பஞ்சு வடிகட்டிக்குப் போகும் மெல்லிய டியூப் மட்டுமே இருக்கும். இரண்டுக்கும் நோய் ஒன்றுதான். ஈரமான எந்தப் பரப்பிலும் நுண்ணுயிர்கள் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கும். தமிழில் இதற்கு வழும்பு என்ற அருமையான சொல் இருக்கிறது. அந்த வழும்பில் மீன் கழிவு ஒட்டும். ஒளி ஊடுருவும் குழலாயின் பாசி பிடிக்கும். கடினநீராயின் சுண்ணாம்பு படியும். உறிஞ்சும் முனையின் சல்லடையில் அழுகிய இலையும் நத்தையும் அடைக்கும். காற்று டியூப்பின் நுனியில் உப்பு படிந்து துளை சுருங்கும்.

ஒரு மில்லிமீட்டர் வழும்பு என்றால் நமக்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. உள்விட்டமுள்ள குழலில் சுற்றிலும் 1 மி.மீ. படிந்தால் விட்டம் 10 மி.மீ. ஆகிறது. நீர் செல்லும் வழியின் பரப்பு 30 சதவீதம் குறைகிறது. குழலின் உராய்வோ பரப்பைவிட வேகமாக ஏறும். ஆகவே அதே விசையில் தள்ளினாலும் போய்ச்சேரும் நீர், தோராயமாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், மின்சாரக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும், ஒலியும் கேட்டுக்கொண்டிருக்கும். வேலை மட்டும் நடக்காது. ஓடுகிறது என்பதே நலமாக இருக்கிறது என்பதற்குச் சான்று என்று நாம் நம்பிவிடுகிறோம். குடும்பத்திலும் அலுவலகத்திலும் செய்யும் அதே பிழை இது.

நீர் தான் செல்லும் வழியில் எதையேனும் விட்டுவிட்டே செல்லும் என்பதை அறிய நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. மயிலத்துக்குத் தெற்கே சங்கராபரணிக் கரையில் இருக்கிறது திருவக்கரை. அங்குள்ள கல்மரங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். 1781-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சோனெரா அவற்றைப் பற்றி எழுதினார். இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. மணலூடே கசிந்த நீர் கொண்டுவந்த சிலிக்கா, மரத்தின் நீர்க்குழாய்களிலும் செல்களிலும் துளித்துளியாகப் படிந்தது. உயிரோடு இருந்தவரை அந்தக் குழாய்களை மரமே ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டது. உயிர் போன பிறகு வழி அடைந்தது; அடைந்தது கல்லாயிற்று. நம் தொட்டிக் குழலில் படியும் சுண்ணாம்புக்கு அத்தனை ஆண்டுகள் கிடைக்கப்போவதில்லை. ஆனால் நடப்பதன் தன்மை ஒன்றே. மரம் தானே செய்துகொண்ட புதுப்பித்தலை பிளாஸ்டிக் குழல் செய்துகொள்ளாது. யாராவது செய்தாக வேண்டும்.

3

செய்பவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் அடுத்த துயரம்.

நம் ஊர்களில் மீன்தொட்டியைக் கழுவுவது என்றால் பொங்கலுக்கு வீட்டைக் கழுவுவதுபோல. மீன்களை வாளியில் மாற்றி, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கற்களைப் பாத்திரம் தேய்க்கும் தூளால் தேய்த்து, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து வெள்ளையாக்கி, குழல்களைச் சோப்பு நீரில் ஊறவைத்து, எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து, மாலையில் புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுகிறோம். தொட்டி பளிங்குபோல் மின்னுகிறது. மூன்றாம் நாள் மீன் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளக்கிறது. ஐந்தாம் நாள், கண்டம் கழிகிறது.

நடந்தது என்ன? அமோனியாவை மாற்றிக்கொண்டிருந்த நுண்ணுயிர்களை ஒரே பிற்பகலில் கொன்றுவிட்டோம். ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் கலக்கும் பிளீச்சிங் பவுடர், மனிதனை வயிற்றுப்போக்கிலிருந்து காப்பதற்காகக் கலக்கப்படுவது. அது நல்ல நுண்ணுயிர், கெட்ட நுண்ணுயிர் என்று பேதம் பார்க்காது. வெயில் இன்னும் பார்க்காது. அந்தக் கூட்டம் மீண்டும் பெருக வாரங்கள் ஆகும். அதுவரை மீன் தன் கழிவிலேயே கிடக்க வேண்டும்.

நாம் வலியுறுத்த விரும்பும் ஒரே கருத்து இதுதான். தூய்மை என்பது வெறுமையாக்குதல் அன்று. கழுவ வேண்டிய இடம் வேறு, கழுவக் கூடாத இடம் வேறு. குழல் ஒரு வழி. வடிகட்டியின் பஞ்சும் வளையமும் ஒரு குடியிருப்பு. வழியில் படிந்ததை வழித்தெடுக்க வேண்டும். குடியிருப்பைக் கலைக்கக் கூடாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். குழலின் வழும்பிலும் அதே நுண்ணுயிர்கள்தாமே இருக்கின்றன, அதை மட்டும் ஏன் தேய்க்க வேண்டும் என்பது அது. நியாயமான கேள்வி, அந்த வழும்பு இழிவான பொருளும் அல்ல. அமோனியாவை ஒரே உயிர் தனியாக நைட்ரேட்வரை கொண்டுசெல்லக்கூடும் என்பது 2015-இல்தான் உறுதியாயிற்று. அவ்வகை உயிர் ஒன்று கிடைத்த இடம், எண்ணெய் தேடித் தோண்டிய 1,200 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து வெந்நீர் பாய்ந்த குழாயின் உட்சுவர். அதே ஆண்டில் இன்னொரு குழு அதே இனத்தைச் சேர்ந்த உயிர்களைக் கண்டெடுத்தது, மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டியிலிருந்து. ஒரு நூற்றாண்டுப் பாடத்தைத் திருத்தியது, நாம் முகம் சுளிக்கும் வழும்புதான்.

ஆனாலும் குழலைத் தேய்க்கலாம். ஒன்றரை மீட்டர் நீளமுள்ள இரு குழல்களின் உட்பரப்பு முழுவதையும் விரித்தால், நாளிதழின் பாதிப் பக்கம் தேறும். வடிகட்டிப் பொருளின் நுண்துளைகளை விரித்தால் அதைப்போல் பல மடங்கு. குழலில் நாம் இழப்பது சிறிது. பெறுவது முழு ஓட்டம். பஞ்சைக் கொன்றால் இழப்பது அனைத்தும். அளவறிந்து இழப்பதே பராமரிப்பு.

4

கருத்துரைத்துவிட்டுச் செய்முறையை வாசகர் தலையில் விடுவது முறையன்று. எனவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

மின்னிணைப்பைப் பிடுங்கிய பிறகே கையை நனைக்க வேண்டும். வடிகட்டியின் அடைப்புகளை மூடி, குழலை வாளிக்கு மேல் வைத்துக் கழற்ற வேண்டும். நீண்ட கம்பிச் சுருளின் இரு முனையிலும் மயிர்க்கற்றை வைத்த தூரிகை பெருநகரக் கடைகளில் ஹோஸ் பிரஷ் என்ற பெயரில் கிடைக்கும். கிடைக்காத ஊரில் பாவாடைக்கு நாடா கோர்க்கும் கலையே போதும். உறுதியான நூலின் நுனியில் சிறு மறையைக் கட்டி, நேராகத் தூக்கிப் பிடித்த குழலுக்குள் இறக்குங்கள். அது மறுமுனையில் வந்ததும் மறையை அவிழ்த்துவிட்டு, குழலின் அளவுக்குச் சற்றே பெரிதான பஞ்சுத் துண்டைக் கட்டி இழுங்கள். இரண்டு மூன்று முறை இழுத்தால் கரும்பழுப்பாக வழும்பு வெளியே வரும். அந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். செடிக்கு அது விருந்து.

சுண்ணாம்புப் படிவுக்குச் சோப்பு வேண்டாம். பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் நம் வீடுகளுக்கு இதன் வேதியியலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து, வாடை போகும்வரை அலசினால் போதும். சோப்பும் பினாயிலும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் எக்காரணத்தாலும் கூடாது. எவ்வளவு அலசினாலும் பிளாஸ்டிக்கில் அவற்றின் மிச்சம் தங்கக்கூடும். மீனின் செவுள் மிக மெல்லியது. கொதிநீரில் குழலைப் போடுவதும் தவறு, அது உருக்குலையும். ஆனால் மீண்டும் பொருத்தும்போது நுனியை மட்டும் சிறிது நேரம் சுடுநீரில் முக்கினால் இளகி எளிதில் ஏறும். பலவந்தம் செய்து இணைப்பை முறிக்க வேண்டியிராது. குழல் மஞ்சளித்து விறைத்துவிட்டால், இணைப்பருகே கீறல் தெரிந்தால், தயங்காமல் மாற்ற வேண்டும். நள்ளிரவில் கழன்ற குழல் கூடத்தையும் நனைக்கும், மீனையும் கொல்லும்.

பஞ்சும் வளையமும் வேறொரு நாளுக்கு. குழலைத் தேய்த்து இரண்டு வாரமாவது கழித்து, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பஞ்சை மெல்லப் பிழிந்து, பழுப்பு நிறம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். வெள்ளையாகும்வரை பிழிய வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் இதில் கடினமான பகுதி. தொட்டி நீரில் நான்கில் ஒரு பங்கை மாற்றினால் ஒருமுறைக்குப் போதும்.

எப்போது தேய்ப்பது? நாட்காட்டியைவிட நீர் நன்றாகச் சொல்லும். திரும்பி வரும் நீரின் வீச்சு தளர்ந்தால், மேற்பரப்பின் அலை அடங்கினால், பம்பின் ஒலி மாறினால், நேரம் வந்துவிட்டது. மீன் அதிகமுள்ள தொட்டியில் மாதம் ஒருமுறையும் மற்றவற்றில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் வேண்டியிருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணியுங்கள். மீன்தொட்டி நீரிலிருந்து காயத்தின் வழியே தோலில் புகுந்து மாதக்கணக்கில் ஆறாத புண்ணை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்று உண்டு. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் அது. நீரை இறக்கக் குழலை வாயால் உறிஞ்சும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். குழல் முழுவதையும் தொட்டிக்குள் அமிழ்த்தி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே இறக்கினாலும் நீர் இறங்கும்.

5

மின்வெட்டைக் குறிப்பிடாமல் இந்தப் பகுதியில் மீன்தொட்டியைப் பற்றி எழுத முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது, நாடெங்கும் செய்திகளில் மயிலத்தின் பெயர் அடிபட்டது. வீடும் பயிரும் கால்நடையும் இழந்தவர்கள் இருக்கும்போது தொட்டி மீனைப் பற்றிப் பேசுவது மிகை என்று தோன்றலாம். நாம் இழப்புகளை ஒப்பிட வரவில்லை. மின்சாரம் நாட்கணக்கில் இல்லாத அத்தகைய வேளையில் மூடிய வடிகட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல வருகிறோம்.

ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் வடிகட்டிக்குள்ளும் குழலுக்குள்ளும் தேங்கிய நீரில் உயிர்வளி தீர்ந்துவிடும். நல்ல நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும், அழுகல் தொடங்கும். குழலில் வழும்பு எவ்வளவு தடித்திருக்கிறதோ அவ்வளவு விரைவாக இது நடக்கும். மின்சாரம் வந்ததும் நாம் மகிழ்ந்து சுவிட்சைப் போடுகிறோம். அத்தனை அழுகல் நீரும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் பாய்கிறது. இருளில் பிழைத்திருந்த மீன் வெளிச்சம் வந்தபின் சாகிறது. நீண்ட மின்வெட்டுக்குப் பின் வடிகட்டியிலும் குழலிலும் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, பஞ்சைத் தொட்டி நீரில் அலசி, அதன்பிறகே ஓடவிட வேண்டும். காற்றுப் பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பதும், டியூப்பில் ஒருவழி வால்வு பொருத்துவதும், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் டியூப் வழியே திரும்பிப் பம்புக்குள் இறங்குவதைத் தடுக்கும். வால்வின் விலை ஒரு தேநீர் அளவே. ஆனால் அதை யாரும் பரிந்துரைப்பதில்லை. விளக்கை எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள்.

6

இந்தப் பொழுதுபோக்கு தொடக்கம் முதலே ஒரு கனவைச் சுமந்துவருகிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு உலகம் என்ற கனவு. 1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், ஒரு கண்ணாடிக் கலத்தில் தங்கமீனும் நீர்ச்செடியும் ஒன்றையொன்று வாழவைக்கும் என்று எழுதினார். செடி உயிர்வளி தரும், மீன் அதற்கு உணவு தரும், சமநிலை தானே அமையும். ஆனால் அவருடைய கலத்திலேயே செடியின் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கலங்கியது. நத்தைகளை விட்ட பிறகுதான் தெளிந்தது. ஆக, முதல் சமநிலைத் தொட்டிக்கும் ஒரு துப்புரவாளர் தேவைப்பட்டார். அவர் நத்தையாக இருந்ததால் வரலாறு அவரைப் பெரிதாகப் பேசவில்லை.

1853-இல் லண்டன் விலங்குக்காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறந்தது. சென்னையிலும் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909-இல் மெரினாவில் மீன் காட்சியகம் ஒன்று உருவாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942-இல், அது மூடப்பட்டது. திறந்தவர் பெயரும் திறந்த ஆண்டும் நமக்குக் கிடைக்கின்றன. அத்தனை ஆண்டுகள் கடல்நீர் வந்த குழாய்களைத் தேய்த்தவர்களின் பெயர்கள் கிடைப்பதில்லை. கல்வெட்டு வைப்பது திறப்பு விழாவுக்குத்தான்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் வாரியங்களைச் சொல்கின்றன. அவற்றுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வெட்டியவரைப் போற்றியதோடு நில்லாமல், வெட்டிய ஏரியைப் பேணுவதற்கு ஆண்டுதோறும் ஆள் தேர்ந்த ஊர் அது. குடவோலைத் தேர்தலுக்காக அக்கல்வெட்டைப் பாடநூலில் படிக்கிறோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்பதைப் படிப்பதில்லை. பிற்காலத்தில் ஊரார் கூடி வரத்துக்கால் தூர்வாரும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்று பெயர் வந்தது. அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த மராமத்து என்ற சொல்லை நம் உழவர்கள் தம் சொல்லாக்கிக்கொண்டார்கள். 1858-இல் ஆங்கிலேய அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயரை மீட்பது எளிது. வரத்துக்கால் என் பொறுப்பு என்ற எண்ணத்தை மீட்பதே கடினம்.

ஏரியையும் மீன்தொட்டியையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அளவு வேறு, பயன் வேறு. ஆனால் பிழை ஒன்றே. நீர்நிலையை நாம் ஒரு பொருளாகப் பார்க்கிறோம். அது ஓர் ஓட்டம். ஏரி என்பது கரைக்குள் நிற்கும் நீர் மட்டுமன்று. வரத்துக்காலும் மதகும் கலங்கலும் சேர்ந்ததே ஏரி. தொட்டி என்பது கண்ணாடிப் பெட்டி மட்டுமன்று. கண்ணுக்குப் படாமல் மேசையின் பின்னால் வளைந்து தொங்கும் குழலும் சேர்ந்ததே தொட்டி. பார்வைக்கு வைத்த பகுதியைத் துடைத்து, பார்வைக்கு வராத பகுதியை மறப்பது இரண்டிலும் நடக்கிறது. அப்படியே தூர்வாரும்போது இரண்டிலும் அடுத்த பிழையும் நடக்கிறது. இயந்திரத்தை இறக்கி, ஏரிக்கரையின் மரமும் ஓரத்து நாணலும் சேர்த்து வழித்துவிட்டு, தூய்மை என்கிறோம்.

வீட்டில் இந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் பேச வேண்டும். மீன் வாங்கும் ஆசை ஒருவருக்கு. தொட்டியை விருந்தினருக்குக் காட்டும் பெருமை அவருக்கே. கழுவும் வாளி பெரும்பாலும் வேறொருவர் கையில் இருக்கிறது. வீட்டுப் பெண்ணாக இருக்கலாம், வேலைக்கு வரும் அம்மாவாக இருக்கலாம், மாதம் ஒருமுறை வந்து எல்லாவற்றையும் கொட்டிக் கழுவிவிட்டுப் போகும் கடைப் பையனாக இருக்கலாம். அவர்களுக்கு யாரும் பஞ்சுக்கும் குழலுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்வதில்லை. பிறகு மீன் செத்தால் அவர்கள் கை ராசியில்லை என்று சொல்லப்படுகிறது. மீனின் சாவு வீட்டின் கண்டத்தைக் கழித்ததோ இல்லையோ, உடையவரின் பொறுப்பைக் கழித்துவிடுகிறது. அந்த ஆறுதலின் மேல் நமக்கிருக்கும் முதன்மையான புகார் இதுதான். அது பொய் என்பதைக் காட்டிலும், அது வசதியானது என்பது.

மயிலத்து மலையில் முருகனைச் சேவிக்க வருவோர், சூரபத்மன் தவமிருந்து மயிலாகி இறைவனைச் சுமந்த தலம் என்ற கதையைக் கேட்டுச் செல்கிறார்கள். இந்த மண்ணின் நினைவில் சுமப்பவனுக்கு அவ்வளவு பெரிய இடம் இருக்கிறது. நம் வீட்டில் நீரைச் சுமக்கும் குழலுக்கு நாம் தருவதோ மேசைக்குப் பின்னால் உள்ள இருட்டு.

குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலையை அவர்களோடு சேர்ந்து செய்யலாம் என்பது நம் பரிந்துரை. மீன் ஏன் செத்தது என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, நமக்காகச் செத்தது என்று சொல்வதைவிட, வா, குழலைக் கழற்றிப் பார்ப்போம் என்று சொல்வது நேர்மையானது. கழற்றிய குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால் விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் பஞ்சு எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பாருங்கள். இரண்டிலும் குறையில்லை என்றால் மட்டும், கண்டத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.